புது லைன் வருகிறது, நான் என்ன செய்வது?

கேள்வி:

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு வணக்கம். எனக்கு 46 வயது. உட்லண்ட்ஸில் உள்ள ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் 19 ஆண்டுகளாக வேவ் சால்டரிங் இயந்திர ஆபரேட்டராக இருக்கிறேன். மின்சுற்றுப் பலகைகளை உருகிய உலோக அலையின் மேல் ஓட்டி, பாகங்களை ஒட்டும் இயந்திரம் அது. நான் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவள். என் கணவருக்கு 51 வயது. புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். எங்கள் திருமணத்துக்குப் பிறகு நிரந்தரவாசியானவர். துவாஸில் கப்பல் பட்டறை ஒன்றில் தானியங்கி வெல்டிங் இயந்திரம் ஓட்டுகிறார். எங்கள் உற்பத்தி லைனுக்கு அடுத்த ஆண்டு புது இயந்திரங்கள் வருவதாகவும், ஷிப்டுக்கு ஆறு பேர் நிற்கும் இடத்தில் இனி இருவர் போதும் என்றும் சூப்பர்வைசர் சொல்கிறார். எங்கள் இருவர் வேலையுமே இயந்திரங்களிடம் போய்விடும் ஆபத்து மிகுந்த வேலைகளின் பட்டியலில் இருப்பதாக மகன் இணையத்தில் பார்த்துவிட்டுச் சொன்னான். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. இப்போதே விலகி, பாதுகாவல் அதிகாரி வேலைக்குப் பயிற்சி எடுத்துக்கொள்ளலாமா? கணவரும் வேறு வேலை தேட வேண்டுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் இப்போதே விலக வேண்டாம். உங்கள் கணவர் வேலையை மாற்ற வேண்டிய அவசரமும் இல்லை. ஆனால் சூப்பர்வைசர் சொன்னதை வெறும் பேச்சு என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம். ஆறு பேர் இருவராவது உங்கள் துறையில் பல இடங்களில் நடந்து முடிந்த கணக்குதான். அந்த இருவரில் ஒருவராக நீங்கள் இருப்பதற்கு, புது லைன் வந்து இறங்குவதற்குள் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இந்தப் பதிலில் விரிவாகப் பேச விரும்புகிறேன். ஜூரோங்கிலும் துவாஸிலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் வெல்டிங் பொறியாளராக வேலை பார்த்துவிட்டு, பிறகு மின்னணுத் தொழிற்சாலைகளில் ஊழியர் பயிற்சியைக் கவனித்து வந்தவன் நான். எனவே உங்கள் தொழிலையும் கணவரின் தொழிலையும் அருகிலிருந்து பார்த்த அனுபவத்தை வைத்து எழுதுகிறேன்.

முதலில் மகன் பார்த்த பட்டியல். இணையத்தில் உலவும் இத்தகைய பட்டியல்கள் பலவற்றுக்கு மூலம், ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிரே, ஆஸ்பர்ன் ஆகிய இருவர் 2013-இல் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவில் உள்ள 702 தொழில்களை எடுத்துக்கொண்டு, அந்நாட்டு வேலைகளில் 47 விழுக்காடு கணினிமயமாகும் ஆபத்து மிகுந்தவை என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். எழுபது தொழில்களுக்கு மட்டும் வல்லுநர்கள் தாங்களே 'ஆகும்', 'ஆகாது' என்று முடிவு செய்தார்கள். எஞ்சிய தொழில்கள் அனைத்தையும் அந்த எழுபதின் அடிப்படையில் ஒரு கணினிக் கணக்கு மதிப்பிட்டது. தொழில்நுட்பத்தால் ஒரு வேலையைச் செய்ய முடியுமா என்பதை மட்டுமே அந்த ஆய்வு பார்த்தது. எந்த ஆண்டில், எந்த நாட்டில், எந்த முதலாளி அதற்குப் பணம் போடுவார் என்பது அதன் வரம்புக்குள் வரவில்லை. மூன்றாண்டுகள் கழித்து, வளர்ந்த நாடுகளின் பொருளியல் கூட்டமைப்பான ஓஇசிடி-க்காக வேறு சில ஆய்வாளர்கள் 21 நாடுகளின் வேலைகளை ஆராய்ந்தார்கள். அவர்கள் தொழிலை மொத்தமாக எடைபோடாமல், ஒவ்வொருவரும் வேலை நேரத்தில் செய்யும் பணிகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள்; அப்போது கிடைத்த சராசரி 9 விழுக்காடு. ஒரே அச்சத்துக்கு 47, 9 என்று இவ்வளவு வேறுபட்ட இரண்டு எண்கள் வந்ததற்கு, கேட்ட கேள்வி வேறுபட்டதே முக்கியக் காரணம். நீங்களும் இரண்டாவது ஆய்வாளர்களின் வழியில்தான் உங்கள் வேலையைப் பார்க்க வேண்டும்: எட்டு அல்லது பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் எந்தெந்த மணி நேரம் இயந்திரத்திடம் போகும், எது உங்களிடம் தங்கும்?

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். 'இயந்திர ஆபரேட்டர்' என்ற வேலையே முன்பு ஒரு முறை நடந்த இயந்திரமயமாக்கலில் பிறந்ததுதான். 1960-களின் கடைசியில் அமெரிக்க மின்னணு நிறுவனங்கள் சிங்கப்பூருக்கு வரத் தொடங்கியதிலிருந்து, இளம்பெண்கள் வரிசையாக அமர்ந்து கையாலேயே பாகங்களைப் பொருத்திய காலம் ஒன்று இருந்தது; உங்கள் அம்மாவின் வயதுடைய பலருக்கு அது முதல் சம்பளம் கொடுத்த வேலை. கையில் பிடித்த சால்டரிங் அயர்ன் செய்த வேலையை அலையடிக்கும் சால்டர் தொட்டி எடுத்துக்கொண்டபோது, அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆபரேட்டர் தேவைப்பட்டார். அந்த வரிசையில் வந்தவர் நீங்கள். (சால்டருக்குத் தமிழில் பற்றாசு என்ற பழைய சொல் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம், பொற்கொல்லர்கள் நகையை ஒட்டப் பயன்படுத்தும் அந்தப் பற்றாசைக் கொண்டுதான் யாப்பிலக்கணக்காரர்கள் ஆசிடை நேரிசை வெண்பாவுக்கே பெயர் வைத்தார்கள். அவ்வளவு பழைய கைத்தொழிலின் தொடர்ச்சி இது.)

இனி உங்கள் ஷிப்டைப் பிரித்துப் பார்ப்போம். பலகைகளை எடுத்து பேலட்டில் வைப்பது, கன்வேயரில் ஏற்றுவது, மறுமுனையில் இறக்குவது ஆகியவை நிச்சயமாகப் போகும். தானாகவே ஏற்றி இறக்கும் கருவிகள் இன்று புது லைன்களோடு சேர்ந்தே வருகின்றன. இறங்கிய பலகையைக் கண்ணால் பார்த்து, பாகங்களின் இரண்டு கால்களுக்கு நடுவே சால்டர் பாலம்போல் ஒட்டியிருக்கிறதா, துளை நிரம்பியிருக்கிறதா என்று தேடுவதும் பெரும்பகுதி கேமரா சோதனைக் கருவியிடம் போய்விடும். வெப்பநிலையையும் கன்வேயர் வேகத்தையும் மணிக்கு ஒருமுறை தாளில் குறிக்கும் வேலை, இயந்திரமே கணினிக்கு அனுப்பத் தொடங்கிய அன்றே முடிந்துபோகும். ஆறு பேரில் நால்வரின் நேரம் இவற்றில்தான் செலவாகிறது என்பதை நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

போகாதது எது? ஒரு புதிய பலகை முதன்முதலாக லைனுக்கு வரும் நாளை நினைத்துப் பாருங்கள். ஈயம் கலக்காத சால்டர் ஏறக்குறைய 217 பாகை செல்சியஸில் உருகத் தொடங்குகிறது. தொட்டியை 260 பாகைக்கு ஒட்டி வைத்திருக்கிறீர்கள். பழைய ஈயக் கலவை 183 பாகையிலேயே உருகிவிடும் என்பதால் தவறுக்கு நிறைய இடம் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை முதல் மின்னணுப் பொருள்களில் ஈயத்துக்குத் தடை விதித்த பிறகு அந்த இடைவெளி குறுகிவிட்டது. பலகை தடிமனாக இருந்தால், உள்ளே செம்புப் படலம் அதிகமாக இருந்தால், முன்சூடு போதாமல் சால்டர் துளைக்குள் ஏறாது. அதற்காகச் சூட்டைக் கூட்டினால் அருகிலுள்ள பிளாஸ்டிக் இணைப்பி வளைந்துவிடும். பலகையில் வெப்பமானிக் கம்பிகளை ஒட்டி அனுப்பி, வரும் வரைகோட்டைப் பார்த்து, எந்தப் பகுதியில் எவ்வளவு கூட்டுவது, கன்வேயரை எவ்வளவு மெதுவாக்குவது என்று முடிவு செய்யும் வேலை இருக்கிறதே, அதுதான் தங்கும். திடீரென்று ஒரு மாலையில் சால்டர் பாலங்கள் பெருகும்போது காரணம் தேடுவதும் அப்படித்தான். சால்டர் நன்றாக ஒட்டுவதற்காக முன்பே பூசும் ஃப்ளக்ஸின் தெளிப்பான் பாதி அடைபட்டிருக்கலாம். அலையின் உயரம் இறங்கியிருக்கலாம். பலகையைத் திசை மாற்றி வைத்திருக்கலாம். பலகைகளிலிருந்து கரைந்த செம்பு தொட்டியில் சேர்ந்து சால்டரின் குணமே மாறியிருக்கலாம். பலகையில் பாலம் இருக்கிறது என்பதைக் கேமரா சொல்லிவிடும். இந்த நான்கில் எது காரணம் என்று கண்டுபிடிப்பவரைத் தொழிற்சாலை எளிதில் இழக்க விரும்பாது.

உங்களுக்கு 19 ஆண்டு அனுபவம் இருக்கிறது. இந்தக் காரணங்களில் பலவற்றை நீங்கள் வாசனையிலும் சத்தத்திலுமே கண்டுபிடிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் நிர்வாகத்துக்கு அது தெரியாது. ஏனென்றால் அது எங்கும் எழுதப்படவில்லை. குறையை நீங்கள் சரிசெய்து முடித்ததும், டெக்னீஷியனின் பெயர்தான் அறிக்கையில் ஏறுகிறது. இந்த ஒரு நிலையை மாற்றுவதையே உங்கள் முதல் வேலையாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

இதில் என் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு பட்டறையில், எஃகுத் தாங்கிகளை வெல்டிங் செய்வதற்காக ஒரு ரோபோவை வாங்கிப் போட்டார்கள். அது வந்த புதிதில் பெரும்பாலான நாள்கள் மூடியே கிடந்தது. வெட்டி வரும் தகடுகளுக்கு நடுவே ஒரு நாள் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி, மறுநாள் நான்கு மில்லிமீட்டர்; கையால் வெல்டிங் செய்பவர் கண்ணால் பார்த்துச் சமாளித்துக்கொள்ளும் வேறுபாட்டை அந்த ரோபோவால் சமாளிக்க முடியவில்லை. பொறியாளர்களாகிய நாங்கள் ரோபோவின் நிரலையே திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருந்தோம். பக்கத்து இயந்திரத்தில் நின்ற ஆபரேட்டர் ஒருவர் மட்டும், எந்த வெட்டும் மேசையிலிருந்து வரும் தகடுகள் கோணலாக இருக்கின்றன என்பதைத் தம் சிறிய நோட்டில் தேதிவாரியாகக் குறித்து வைத்திருந்தார். குறை வெட்டும் மேசையில் இருந்தது. பிறகு அந்த ரோபோவுக்குப் பொறுப்பாக யாரைப் போடுவது என்று பேச்சு வந்தபோது, வேறு பெயர் எதுவும் எழவில்லை. அவர் ஆங்கிலத்தில் சரளமாகப் பேசக்கூடியவர் அல்லர். நோட்டில் பாதி தமிழில்தான் இருந்தது.

ஆகவே நீங்களும் நாளை ஒரு நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு முறை குறை வரும்போதும் தேதி, பலகையின் எண், என்ன குறை, எதை மாற்றினீர்கள், மாற்றிய பிறகு என்ன ஆயிற்று என்ற ஐந்தையும் எழுதுங்கள். இரண்டு மாதம் எழுதிய பிறகு சூப்பர்வைசரைப் பார்த்து, புது லைன் வரும்போது இயந்திரத்தை நிறுவும் பொறியாளர்களோடு இருந்து கற்றுக்கொள்ள அனுமதி கேளுங்கள். நிறுவும் அந்தச் சில வாரங்கள் மிக முக்கியமானவை. தயாரிப்பாளரின் ஆட்கள் பக்கத்தில் இருக்கும்போது கேட்கும் கேள்விக்கு உடனே விடை கிடைக்கும். அவர்கள் போன பிறகு அதே கேள்விக்கு மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருக்க வேண்டும். நிறுவும் நாள்களில் உடனிருந்தவர்கள்தான் பெரும்பாலும் அந்த லைனில் நிலைக்கிறார்கள் என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

சான்றிதழ்களில் உங்களுக்கு முதலில் பயன்படக்கூடியது ஐபிசி-ஏ-610. மின்னணுப் பலகையில் எந்த இணைப்பை ஏற்பது, எதைத் தள்ளுவது என்பதற்கு உலகம் முழுவதும் ஏற்கப்பட்ட அளவுகோல் அது. பாடத்தில் படங்கள் நிறைய என்பதால், ஆங்கிலம் அதிகம் தெரியாதவர்களும் முயன்றால் தேர்ச்சி பெறலாம். சான்று இரண்டாண்டுகளுக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். கேமரா சோதனைக் கருவி தவறாகத் தள்ளும் நல்ல பலகைகளைப் பிரித்தெடுக்கவும், அந்தக் கருவிக்கு வரம்புகளைச் சரியாக அமைக்கவும் இந்த அறிவு தேவை. அடுத்த கட்டமாக, ஒவ்வோர் இணைப்பாகத் தேர்ந்தெடுத்துப் பற்றவைக்கும் செலக்டிவ் சால்டரிங் இயந்திரத்துக்கு நிரல் அமைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பலகையின் மேற்பரப்பிலேயே ஒட்டும் சிறு பாகங்கள் பெருகப் பெருக, வேவ் சால்டரிங் என்ற முறையே சுருங்கி வருகிறது. கனமான மின்மாற்றிகள், அடிக்கடி செருகி எடுக்கும் இணைப்பிகள் போன்று உறுதி வேண்டிய பாகங்கள்தான் இன்னும் துளை வழியாகப் பொருத்தப்படுகின்றன. அவற்றையும் பல தொழிற்சாலைகள் செலக்டிவ் இயந்திரத்துக்கு மாற்றி வருகின்றன. உங்கள் விஷயத்தில் ரோபோவைவிட இந்த மாற்றம்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது.

இன்னொரு கவலையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். லைன் முழுவதுமே கடல் கடந்து போய்விடலாம். ஜோகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் மண்டலத்துக்கான ஒப்பந்தம் 2025 ஜனவரியில் கையெழுத்தானது. ஆள் அதிகம் தேவைப்படும் உற்பத்தியைப் பாலத்துக்கு அப்பால் மலேசியாவின் ஜோகூரிலும், வடிவமைப்பையும் நுட்பமான சோதனையையும் இங்கேயும் வைத்துக்கொள்வது பல நிறுவனங்களுக்கு இலாபமான ஏற்பாடு. உங்கள் முதலாளி உட்லண்ட்ஸிலேயே புது இயந்திரங்களை வாங்கிப் போடுகிறார் என்றால், இங்கே இன்னும் சில ஆண்டுகள் இருக்கப்போகிறார் என்று பொருள். இயந்திரம் வருவதைக் கெட்ட செய்தியாக மட்டும் பார்த்து நீங்கள் தூக்கத்தை இழக்கத் தேவையில்லை. வாங்காமல் பழைய லைனையே இழுத்துக்கொண்டிருந்தால்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

பணத்துக்கு வருகிறேன். நாற்பது வயதைத் தாண்டிய சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு 2024 மே மாதத்தில் கொடுக்கப்பட்ட 4,000 வெள்ளி (டாலர்) ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சித் தொகை உங்கள் கணக்கில் இருக்கும். முன்பே கொடுத்த 500 வெள்ளியில் மிச்சம் இருந்தால் அதுவும் இருக்கும். அந்த 4,000 வெள்ளியை வேலைவாய்ப்போடு தொடர்புள்ள, குறிப்பிட்ட பயிற்சிகளுக்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்பதால், சேருமுன் இணையத்தளத்தில் அந்தப் பயிற்சி பட்டியலில் இருக்கிறதா என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். நாற்பதைக் கடந்த குடிமக்களுக்குப் பல பயிற்சிகளின் கட்டணத்தில் 90 விழுக்காடு வரை அரசாங்கமே ஏற்பதால், உங்கள் கைக்காசு அதிகம் செலவாகாது. முழுநேரப் படிப்புக்காக வேலையை விட்டால், தகுதிபெற்ற படிப்புகளுக்கு உங்கள் சராசரி மாத வருமானத்தில் பாதி, அதிகபட்சம் மாதம் 3,000 வெள்ளி, படித்தொகையாகக் கிடைக்கும். ஆயுளில் மொத்தம் 24 மாதங்கள் வரை அதைப் பெறலாம். ஆனால் உங்கள் நிலையில் முழுநேரப் படிப்பை நான் பரிந்துரைக்கவில்லை. உங்கள் மிகப் பெரிய பயிற்சிக்கூடம் அடுத்த ஆண்டு உங்கள் தொழிற்சாலைக்கே வருகிறது; அந்த நேரத்தில் நீங்கள் வெளியே இருக்கக் கூடாது.

தொழிற்சங்கத்தில் உறுப்பினரா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் சேருங்கள். தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் நிறுவனங்களோடு சேர்ந்து பயிற்சிக் குழுக்களை அமைத்து வருகிறது. அந்தக் குழுவின் வழியாகப் புது இயந்திரங்களுக்கு மானியம் பெறும் நிறுவனம், அதனால் ஊழியருக்குச் சம்பள உயர்வு போன்ற பலன் என்ன என்பதையும் காட்ட வேண்டும். உங்கள் நிறுவனம் அந்த மானியத்துக்கு விண்ணப்பித்திருக்கிறதா என்று சங்கத்தின் வழியாகக் கேட்கலாம். விண்ணப்பித்திருந்தால், ஆறு பேரில் மீதி நால்வருக்கு என்ன ஏற்பாடு என்று கேட்கும் இடமும் உங்களுக்குக் கிடைக்கிறது. அந்த நால்வரும் உங்களைப்போல் பல ஆண்டு உழைத்தவர்கள்தாம். புதிய திறனைக் கற்பது முழுக்க முழுக்க ஊழியரின் பொறுப்பு என்று சிலர் பேசுவதை நான் ஏற்பதில்லை. இயந்திரத்தால் மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கு, அதன் பக்கத்தில் நின்றவர்களின் பயிற்சிக்குப் போவதே நியாயம்.

ஒருவேளை ஆட்குறைப்பு வந்துவிட்டால் தெரிந்திருக்க வேண்டியவை சில. குறைந்தது பத்து ஊழியர்களைக் கொண்ட நிறுவனம், ஊழியருக்கு ஆட்குறைப்பு அறிவிப்புக் கொடுத்த ஐந்து வேலை நாள்களுக்குள் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆட்குறைப்பு இழப்பீட்டைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. அது உங்கள் வேலை ஒப்பந்தத்தையும் தொழிற்சங்க உடன்பாட்டையும் பொறுத்தது. இரண்டாண்டுக்கு மேல் வேலை பார்த்தவருக்கு, ஆண்டுக்கு இரண்டு வாரம் முதல் ஒரு மாதச் சம்பளம் வரை கொடுப்பது வழக்கம். உங்கள் 19 ஆண்டுகளுக்கு இது சிறிய தொகை ஆகாது. நீங்களாகவே இப்போது விலகினால் இதைக் கேட்கும் வாய்ப்பே போய்விடும். விலக வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு வலுவான காரணம். விருப்பமின்றி வேலையிழந்த குடிமக்கள், முன்பு வாங்கிய சராசரிச் சம்பளம் 5,000 வெள்ளிக்கு மேற்படாமல் இருந்தால், வேலை தேடும் காலத்தில் ஆறு மாதம் வரை மொத்தம் 6,000 வெள்ளி வரை பெறும் திட்டமும் 2025 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளது. தாமாக விலகியவருக்கு அதுவும் கிடைக்காது.

பாதுகாவல் வேலையைப் பற்றி நீங்கள் தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தது உங்கள் எழுத்திலேயே தெரிந்தது. அந்த வேலையை நான் குறைத்துப் பேச மாட்டேன். படிப்படியான சம்பள உயர்வுத் திட்டத்தால் பாதுகாவல் அதிகாரியின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2024-இல் 2,650 வெள்ளியாக உயர்ந்தது. 2028-இல் அது 3,530 வெள்ளியாகும். சில ஆபரேட்டர்களின் அடிப்படைச் சம்பளத்தைவிட இது அதிகம் என்பதை நான் அறிவேன். ஆனால் பெரும்பாலும் பன்னிரண்டு மணி நேர ஷிப்டு. அங்கும் கேமராக்களும் தொலைவிலிருந்து கண்காணிக்கும் முறையும் ஆள்களைக் குறைத்து வருகின்றன. ஒரு தொழிலில் இயந்திரத்துக்குப் பயந்து, அதே மாற்றம் நடக்கும் இன்னொரு தொழிலில் முதல் படியிலிருந்து தொடங்குவதற்கு, உங்கள் 19 ஆண்டு அனுபவத்தை விலையாகக் கொடுக்கிறீர்கள். உரிமத்துக்கான பயிற்சியை விடுமுறை நாள்களில் முடித்துக் கையில் வைத்துக்கொள்வதில் தவறில்லை. அதைக் கடைசி ஏற்பாடாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் கணவர். உலக ரோபோ கூட்டமைப்பின் கணக்குப்படி, 2023-இல் சிங்கப்பூர் உற்பத்தித் துறையில் பத்தாயிரம் ஊழியருக்கு 770 ரோபோக்கள் இருந்தன. தென்கொரியாவின் 1,012-க்கு அடுத்தபடியாக உலகிலேயே இரண்டாம் இடம். உலகச் சராசரியோ 162. இதைக் கேட்டவுடன் பயப்பட வேண்டாம். இங்குள்ள ரோபோக்களில் பெரும்பகுதி மின்னணு, சில்லுத் தொழிற்சாலைகளில், அதாவது உங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. கணவரின் பக்கத்தில் மிகக் குறைவு. கார்த் தொழிற்சாலைகளில் 1960-களின் கடைசியிலேயே ரோபோ வெல்டிங் செய்யத் தொடங்கிவிட்டது, ஏனென்றால் அங்கே ஒரே கதவு ஒரே இடத்தில் நாளுக்கு ஆயிரம் முறை வருகிறது. ஷிப்யார்டில், கப்பலின் பகுதியாகக் கட்டப்படும் ஒவ்வொரு பிளாக்கும் வேறு. சூட்டில் தகடு வளைகிறது. கப்பலின் இரட்டை அடித்தளத்துக்குள் ஆள் நுழையும் துளை வழியாகத்தான் இறங்க வேண்டும். பழுதுபார்க்க வரும் கப்பலில் எது எப்படி அரித்திருக்கும் என்பதை இறங்கிப் பார்க்காமல் சொல்ல முடியாது.

ஆனால் உங்கள் கணவரின் நிலை கையால் வெல்டிங் செய்பவரின் நிலையிலிருந்து சற்று வேறுபட்டது. அவர் ஓட்டுவது, நீங்கள் குறிப்பிட்டதை வைத்துப் பார்த்தால், பெரிய தகடுகளை இணைக்கும் சப்மெர்ஜ்டு ஆர்க் இயந்திரமாக இருக்க வேண்டும். சமதளத்தில், நேர்க்கோட்டில், நீண்ட இணைப்பு என்பதால், ஷிப்யார்டு வேலைகளில் இயந்திரம் எளிதில் செய்யக்கூடியது அதுதான். இணைப்பின் தடத்தை லேசர் ஒளியால் தானே தொடர்ந்து செல்லும் கருவிகள் பொருத்தப்பட்டால், ஒருவரே இரண்டு மூன்று இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளலாம். அவருடைய இயந்திரம் போகாது. அதன் பக்கத்தில் நிற்பவர்களின் எண்ணிக்கை குறையும். இதைவிடப் பெரிய ஆபத்தை அவரே நேரில் பார்த்திருப்பார். 2014-ஆம் ஆண்டின் பிற்பாதியில் எண்ணெய் விலை சரியத் தொடங்கியபோது எண்ணெய்த் துரப்பண மேடைகளுக்கான ஆர்டர்கள் வற்றின. நம் பட்டறைகளில் ஏராளமானோர் ஊருக்குத் திரும்பினார்கள். அவர்களை அனுப்பியதில் எந்த ரோபோவுக்கும் பங்கில்லை.

ஆர்டர் வறண்டாலும் வேலை கிடைக்க வேண்டுமானால், ஒரே இயந்திரத்தை மட்டும் தெரிந்தவராக அவர் இருக்கக் கூடாது. வெல்டிங் விதிகள் 'வெல்டர்' என்பவரையும் 'வெல்டிங் ஆபரேட்டர்' என்பவரையும் தனித்தனியாகவே தேர்வு செய்கின்றன. கையில் வெல்டிங் டார்ச் பிடித்துச் செய்பவருக்கு ஒரு சான்று, இயந்திரம் ஓட்டுபவருக்கு வேறொரு சான்று. இரண்டும் வைத்திருப்பவரை, இயந்திரப் பகுதியில் ஆள் குறைந்தாலும் பிளாக் பகுதிக்கு மாற்றிக்கொள்ள முடியும். நிறையப் பேர் இயந்திரத்துக்கு மாறிய பிறகு பழைய கை வெல்டிங் சான்றைக் காலாவதியாக விட்டுவிடுகிறார்கள். பின்னாளில் கண்ணால் பார்த்தும், சாயம் தெளித்தும், காந்தத்தாலும் வெல்டிங்கைச் சோதிக்கும் பரிசோதகர் பணிக்கு அவர் போக விரும்பலாம். 51 வயதில் முதுகுக்கும் மூட்டுக்கும் அது ஏற்ற வேலை. கண்பார்வைத் தேர்வும் ஆங்கில அறிக்கையும் அதில் கட்டாயம் என்பதால், அதற்கு இரண்டாண்டு தயாராக வேண்டும். நிரந்தரவாசி என்பதால் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை அவருக்குக் கிடையாது. நிறுவனத்தின் செலவில் அனுப்பக் கேட்பதே நல்ல வழி. ஓய்வு வயது 2026 ஜூலை முதல் 64, மறுவேலைக்கான வயது 69 என்பதால், அவர் முன்னால் இன்னும் பதின்மூன்று ஆண்டுகளாவது இருக்கின்றன. இரண்டாண்டுப் படிப்புக்கு அது போதுமான காலம்.

அவருடைய சான்றிதழ் கோப்பை இன்றே எடுத்துப் பாருங்கள். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்க விதிநூலின் 9-ஆம் பிரிவின்படி, ஒரு வெல்டிங் முறையை ஆறு மாதத்துக்கு மேல் பயன்படுத்தாதவரின் தகுதி அந்த முறையில் தானாகவே முடிந்துவிடும். மறுபடி வெல்டிங் செய்து காட்டித்தான் பெற வேண்டும். கையால் செய்த வெல்டிங்கில் அவர் பெயர் கடைசியாக எந்தத் தேதியில் பதிவாகியிருக்கிறது என்று தேடுங்கள். ஆறு மாதம் நெருங்கியிருந்தால், இந்த வாரத்துக்குள் ஒரு நாளாவது டார்ச் பிடிக்கும் வேலை கொடுக்கும்படியும், அதைத் தேதியோடு பதிவு செய்யும்படியும் ஃபோர்மேனிடம் அவரைக் கேட்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்